மடித்தவள் குதிக்க வேண்டும்

கத்தரி குடையின் உச்சியிலிருந்து விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது ஜன்னலில் தம்பியின் முகம் தெரிந்தது.

“அக்கா.”

அவள் திரும்பவில்லை. இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். துணி இரண்டாகப் பிரிந்து மேஜையின் இருபுறமும் சரிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“மடிக்கும்போதுதான் கூப்பிடக் கூடாது. வெட்டும்போது கூடவா?”

“கை பழகிப்போச்சுடா.”

அந்தக் கூடத்தின் சட்டம் அது. பாராசூட்டை அங்கே எல்லாரும் குடை என்பார்கள். மடித்துக்கொண்டிருப்பவள் நடுவில் திரும்பிவிட்டால் அத்தனையையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். முகாமின் தளபதியே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். சட்டம் போட்டவர் கொக்கு.

கொக்கு வெளிநாட்டுக்காரர். அவருடைய நாடுதான் முதலில் இந்த ராணுவத்துக்குக் குடைகளை உதவியாகக் கொடுத்தது. கூடவே நீண்ட மேஜைகளையும், மடிப்பை அழுத்தி வைக்கச் சின்ன மணல்பைகளையும், இவரையும் அனுப்பியது. கழுத்தும் காலுமாக இருந்த மனிதர்; அதனால்தான் அந்தப் பட்டப்பேர். சிப்பாய்களின் அவசரக் கை இதற்கு ஆகாது என்று ஊரிலிருந்து பெண்களைச் சேர்த்தார். தாயில்லாத தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவளும் வந்து நின்றாள். பேச்சுக்குப் பாஷை கிடையாது. சரியாக மடித்தால் மேஜையில் ஒரு தட்டு, தப்பென்றால் இரண்டு. கொஞ்ச நாளில், தம்பி சோற்றைச் சிந்தினாலும் அவள் தரையில் இரண்டு தட்டினாள்.

பெண்களைப் பயமுறுத்தியது இன்னொரு சட்டம். மடித்தவள் குதிக்க வேண்டும். கொக்கு கண்ணை மூடிக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு குடையை உருவுவார். அதை மடித்தவள் மேடையிலிருந்து குதித்துப் பழகி, பிறகு அதையே கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். முதல் முறையே அவளுடையது வந்தது. கதவில் நின்றாள். கொக்கு தோளில் ஒரு தட்டுத் தட்டினார். வெளியே போகும்போது, “ஐயோ, அடுப்பு!” என்று அலறினாள். காலையில் அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

குடை விரிந்தது. சத்தமே இல்லை. கீழே கூடத்துத் தகரக் கூரை தீப்பெட்டி மாதிரி கிடந்தது. அடுப்பு மறந்துபோயிற்று. அந்த மிதப்புக்கு ஈடாக அப்புறம் அவள் வாழ்க்கையில் ஒன்றும் வரவில்லை. கல்யாணம்கூட.

அவள் கத்தியது என்னவென்று கொக்கு சாயங்காலம் விசாரித்தார். சாமி பேர் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். மறுமுறை அவரும் “அடுப்பு!” என்று பயபக்தியோடு கத்திக்கொண்டே குதித்தார்.

தம்பி வளர்ந்து குதிக்கும் படையில் சேர்ந்தான். அக்கா மடித்த குடையைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். கட்டிக்கொண்டதும் கேட்பான்: “அடுப்பை அணைச்சிட்டியா?”

“அணைச்சாச்சு. போடா.”

இதைக் கேட்காமல் அவன் விமானத்தில் ஏறியதில்லை.

பிறகு இரண்டு நாடுகளுக்கும் ஆகாமல் போயிற்று. கொக்கு ஒரு காலையில் பெட்டியோடு போனார். நூலும் ரப்பர் வளையமும் வருவது நின்றது. இருப்பதை வைத்துக் காலம் தள்ளினார்கள். இப்போது வேறொரு நாடு சிநேகிதமாகிப் புதுக் குடைகளைக் கொடுத்திருக்கிறது. மடித்து, முத்திரை வைத்தே வந்தன. பழையவற்றை விற்கக் கூடாது, வெட்டி அழிக்க வேண்டும் என்பது முதல் நாட்டோடு போட்ட ஒப்பந்தம். சிநேகிதம் போனாலும் நிபந்தனை போகவில்லை.

நாளைக்குப் புதுக் குடையில் முதல் குதிப்பு.

“பழசுல ஒண்ணை ஒளிச்சு வை அக்கா,” என்றான் தம்பி. “எவன் மடிச்சானோ, எந்தக் கையோ. அதைக் கட்டிக்கிட்டு நான் குதிக்க மாட்டேன்.”

“குதிக்கலேன்னா படையை விட்டு அனுப்பிடுவாங்க.”

“அதான் ஒளிச்சு வைன்னு சொல்றேன். பையை மாத்திக்கலாம்.”

அவளுக்கும் அதே பயம்தான். அன்று காலையில் புது வெளிநாட்டு அதிகாரி வந்தபோது மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக்கொண்டாள். “இதை மடிச்சவ இதோட குதிச்சிருக்காளான்னு கேளுங்க.”

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறீங்களே, மடிப்பக்கா.”

“மாடு தரையில நிக்கும். இது மேலேருந்து வரும். கேளுங்க.”

கேட்டார். “குடைக்கு கேரண்டி இருக்காம்.”

“ஆளுக்கு?”

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

அலமாரியில் ஒரே ஒரு குடை மிச்சமிருந்தது. தம்பியினுடையது. கடைசியாக வெட்டலாம் என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து பிரித்து, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் துணி நைந்து கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவள் கை ஒரே இடத்தில்தான் மடித்திருக்கிறது. கொக்கு தட்டித் தட்டி அப்படித்தான் பழக்கினார்.

“போன மாசம்கூட இதுலதானே குதிச்சேன்?”

“அதான் எனக்குத் தூக்கமே இல்லை.”

அவள் துணியை மேஜையில் போட்டு நீவினாள்.

“இதுல கை தெரியும், துணி போச்சு. அதுல துணி புதுசு, கை தெரியாது. அதை மடிச்சவளும் வீட்டுல அடுப்பை அணைச்சிட்டுத்தான் வந்திருப்பாடா.”

“அணைக்காம வந்திருந்தா?”

“நினைப்பு வந்து திரும்பியிருப்பா. திரும்பினவ முதல்லேருந்து மடிக்கணும். அது எல்லா ஊர்லயும் சட்டம்.”

அங்கே அப்படி ஒரு சட்டம் உண்டா என்று அவளுக்குத் தெரியாது. கத்தரியை எடுத்தாள். தம்பி உள்ளே வந்து துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காற்று குறைவாக இருந்தது. விமானம் காலையிலேயே புறப்பட்டது. குடைகள் எல்லாம் விரிந்தன. தம்பி பள்ளத்தில் இறங்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். வெட்டிய துணிகளை முகாமுக்குப் பின்னால் எரித்தார்கள். மத்தியானம் மேஜைகளை லாரியில் ஏற்றினார்கள். பெண்களைச் சீருடைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்குப் போர்வை மடிக்கும் வேலை. நடுவில் கிடங்கு எழுத்தர் கூப்பிட்டார். பாதி மடித்த போர்வையோடு திரும்பி, என்ன என்று கேட்டாள்.