முன் சீட்டுக்காரி

என் அம்மா குழல்வாய்மொழிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. ஆனால் அப்பாவின் ஜீப்பில் முன் சீட்டில் அவள் அளவுக்கு உட்கார்ந்தவர்கள் யாரும் கிடையாது. குற்றாலத்தில் பிறந்தவள், அதனால் அந்த ஊர்க் கோயில் அம்மன் பெயரையே வைத்துவிட்டார்கள். இலஞ்சியில் வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த நாறும்பூநாதனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மறுவீட்டுக்குப் போனதே அந்த ஜீப்பில்தான். அன்றைக்கு ஏறி உட்கார்ந்த இடத்தை அவள் அதன்பிறகு யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. பெற்ற மகள் எனக்கும் பின் சீட்டுதான்.

அதிலும் எனக்கு வருத்தமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சீசன் நேரத்தில் அப்பா அருவிக்கு ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போவார். ஜீப்பின் இரண்டு உருண்டை விளக்கும் மஞ்சளாக எரியும். சாரல் அந்த மஞ்சளுக்குள் சாய்வாக விழுந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

தூங்கும்வரை காதில் கேட்பது அம்மாவின் குரல். வண்டி நகர்ந்தால் போதும், அவள் வாய் ஓயாது. பாதையோரத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது.

"அந்தா, அந்த ஓட்டு வீடு இருக்குல்லா? அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சண்டை வந்து கிணத்துக்கு நடுவால சுவரு எழுப்பிட்டானுவ. அங்கன ஒரு வாளி, இங்கன ஒரு வாளி. தண்ணி மட்டும் ஒண்ணுதான!"

அப்பா சிரிப்பார். கேட்ட கதையாகவே இருக்கும், இருந்தாலும் சிரிப்பார். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்த ஜீப்பில்தான் என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்குள் வந்துவிட்டால் சோறு, குழம்பு, கரண்ட் பில் தவிர இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

கொஞ்ச வருஷமாக அம்மாவின் பேச்சு மாறிப்போனது. கதையெல்லாம் நின்றுவிட்டது. "ஏங்க, பாலம் வருது." "இந்தப் பக்கம் மாடு நிக்குது." "எதுக்க லாரிக்காரன் வருதான், ஒதுங்குங்க." இவ்வளவுதான். வயதானால் எல்லா அம்மாக்களுக்கும் வருகிற பயம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் தம்பி மணிகண்டபிரபுவும் அவளை மாதிரியே பேசிக்காட்டி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

இன்னொன்றும் புதிதாகச் சேர்ந்தது. சாயங்காலச் சவாரி எதுவாக இருந்தாலும் அம்மாவும் ஏறிக்கொள்வாள். பண்பொழிக்கு ஆள் போகிறதா, அவளுக்குத் திருமலைக்குமாரசாமியைக் கும்பிட வேண்டும். கடையத்துக்குப் போகிறதா, அங்கே யாரையோ பார்க்க வேண்டும். வாடகை பேசி வந்தவர்கள் முழிப்பார்கள். ஸ்டாண்டில் கேலி வேறு. "அண்ணாச்சிக்குக் கிளீனரே வேண்டாம்லே, ஆச்சி போதும்" என்பார்கள். அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவள் வர முடியாத நாளில் அப்பாவும் ஏதாவது சாக்குச் சொல்லிச் சவாரியை விட்டுவிடுவார்.

போன ஆனி மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். தட்ட முடியாத ஒருவர் கேட்டார் என்று அப்பா தனியாகப் பண்பொழிக்குப் போனார். அவரை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது ஓடைப் பாலத்துச் சுவரில் ஜீப்பை உரசிவிட்டார். இடதுபக்கம் முழுக்க நசுங்கிப்போனது. நல்லவேளை, வண்டியில் அவர் மட்டும்தான் இருந்தார்.

தென்காசியில் குடியிருக்கிற நான் மறுநாளே போய் நின்றேன். கோயம்புத்தூரிலிருந்து தம்பி போனில் சத்தம் போட்டான். வண்டியை விற்றுவிட வேண்டும், வேறு பேச்சே கிடையாது என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் ஜீப்பை விற்றால் அப்பா என்ன ஆவார்? காலையில் எழுந்ததும் அந்த வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார் அவர்.

"லைட்டு மங்கிப்போச்சுட்டி" என்றார் அப்பா. "அந்தக் காலத்து பல்பு. எதுக்க வாறவன் எல்லாம் வெள்ளை வெளேர்னு எல்ஈடி போட்டுட்டு வருதான். நம்ம லைட்டு அதுக்கு முன்னால எடுபடுமா? லைட்ட மாத்துனா எல்லாம் சரியாயிரும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. விளக்கை மாற்றிப் பார்ப்போம், சரியாக இருந்தால் வண்டி இருக்கட்டும், இல்லையென்றால் விற்றுவிட வேண்டியதுதான் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

குத்துக்கல்வலசையில் ஜெபஸ்டின் கடையில் வேலை நடந்தது. வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். பழைய விளக்கைக் கிண்ணத்தோடு கழற்றிவிட்டு, அதே அளவில் உருண்டை எல்ஈடியைப் பொருத்தினான். பின்னால் பிரேக் லைட், நம்பர் பிளேட் லைட், நான்கு இண்டிகேட்டர், எல்லாம் புதுசு. இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தால் பேய் பிடித்ததுபோல் படபடவென்று அடித்தது.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. இது கரண்டு கம்மியா இழுக்குதுல்லா, இண்டிகேட்டர அடிக்க வைக்கிற பழைய ஃபிளாஷருக்கு அது புரியல" என்று சொல்லி அதையும் மாற்றிக் கொடுத்தான். பிறகு வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காதபடி வெளிச்சத்தை இறக்கி வைத்தான். பழைய விளக்குகளை அப்பா மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். எனக்குமே அவற்றைக் குப்பையில் போட மனசு வராதுதான்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வெள்ளோட்டம். அம்மா வழக்கம்போல் தலையைச் சீவி, பூ வைத்து, முன் சீட்டில் ஏறக் காலைத் தூக்கினாள்.

"இன்னைக்கு நான் உக்காருதேம்மா" என்றேன்.

"நானும் வாரேனே. பின்னால உக்காந்துக்கிடுதேன்."

"நீ எதுக்கு?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "லைட்டுதான் மாத்தியாச்சுல்லா. இனி நீ நிம்மதியா வீட்டுல உக்காந்து சீரியல் பாரு."

அம்மா காலை இறக்கிக்கொண்டாள். வண்டி நகரும்போது என் பக்கம் வந்து கையைப் பிடித்தாள். "ஏட்டி, பேசிக்கிட்டே போ" என்றாள்.

நான் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை, வெளிச்சம் அப்படி இருந்தது. செங்கோட்டையைத் தாண்டி இரண்டு பக்கமும் வயல் வந்ததும் ரோடு பகல் மாதிரி கிடந்தது. மைல் கல்லில் எழுதியிருந்த எண்ணைத் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. ரோட்டைத் தாண்டிக் குதித்த தவளைகூடத் தெரிந்தது. ஆனாலும் எனக்கு அந்தப் பழைய மஞ்சள் நினைவாகவே இருந்தது. தூறல் விழத் தொடங்கியது. இந்த வெளிச்சத்தில் அது வெறும் தூறலாகத்தான் இருந்தது.

அப்பா வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். எதிரே ஒரு பைக் கடந்து போனதும் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏட்டி பிரியா, பாலம் வந்துட்டா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பாலத்துச் சுவர் கறுப்பும் வெள்ளையுமாக எங்கள் முன்னால் நின்றது. அப்பா உரசிய தடம்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

"முன்னாலதானப்பா இருக்கு."

"எங்கன?"

அப்பா எஞ்சினை அணைத்தார். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முன்னால் எட்டிப் பார்த்தார்.

"லைட்டு நல்லாத்தான் எரியுது, இல்லியா?" என்றார்.

"ஆமாப்பா."

"நான் லைட்டுதான்னு நினைச்சேன்ட்டி. மெய்யாவே அப்படித்தான் நினைச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அடக்க முடியவில்லை. "இந்தக் கண்ண வச்சுக்கிட்டா இத்தன வருசமா ஆள ஏத்திட்டுப் போனீங்க? எப்படிப்பா ஓட்டுனீங்க?" என்று கத்தினேன்.

"ஒங்கம்மா சொல்லுவால்லா" என்றார் அப்பா. "பாலம் வருதும்பா, பிரேக்கப் பிடிப்பேன். மாடு நிக்குதும்பா, ஒதுங்குவேன். எனக்குத் தெரியலன்னு அவகிட்ட நான் ஒருநாளும் சொன்னதில்ல. அவளும் ஒருநாளும் கேட்டதில்ல."

கிணற்றுச் சுவர்க் கதையெல்லாம் ஏன் நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. சாயங்காலமானால் அவளுக்கு வந்த சாமி பக்தியும் புரிந்தது. இத்தனை காலம் வாயாடி என்று நாங்கள் சிரித்த அந்த வாய்தான் அப்பாவைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அழுகை வந்தது, அழுதேன்.

இடம் மாறி உட்கார்ந்து, அப்பா எப்போதோ சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்தாள். கேட்டைத் திறந்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து இறக்கி, "காப்பி போடட்டுமா?" என்றாள்.

திருநெல்வேலியில் கண் டாக்டரைப் பார்த்தோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை போனதுதான், இருக்கிறதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். இனி வண்டியைத் தொடவே கூடாது என்றார். அப்பா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. தம்பி கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு நான்தான் பண்பொழிக்கு ஓட்டுகிறேன். அப்பா ஜன்னலோரம், அம்மா நடுவில். முதல் வெள்ளிக்கிழமை வயல்வெளி வந்ததுமே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, நடவு முடிஞ்சிட்டு. நம்ம பிரியாகூடப் படிச்ச ஷிஃபா வீட்டுல மாடி எடுத்திருக்காங்க, பச்சைப் பெயிண்டு. அந்தா, கிணத்துச் சுவர இடிச்சிட்டானுவ போலிருக்கு, ஒரே வாளிதான் தொங்குது."

அப்பா சிரித்தார். எனக்கு அந்தப் பழைய பின் சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. தூறல் விழுந்தது. வைப்பரைப் போட்டேன்.

"பாலம் வருது" என்றாள் அம்மா.

இவ்வளவு வெளிச்சத்தில் அது தெரியாதா? "எனக்குத் தெரியுதும்மா" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஒனக்கா சொன்னேன்?"