ஸ்நோ விற்க மறுத்தவர்

குன்றின்மேல் நின்றருளும் பழனியாண்டவன் திருவடி காக்க.

தைப்பூச நன்னாளாகிய இன்று ஒரு கடைக்காரரைப் பற்றி எழுதிவிட எண்ணுகிறேன்.

அறுபதுகளில், திண்டுக்கல் கடைவீதியில் ஸ்நோ என்னும் வெண்ணிற முகப்பூச்சும் பவுடரும் விற்ற ராவுத்தர் அவர். மெலிந்த உருவம், இடக்கையின் உட்புறத்தில் சிவந்த தழும்புகள். புதுச்சரக்கு எது வந்தாலும் தம் கையில் பூசி ஒருநாள் பார்த்த பிறகே விற்பாராம்.

நான் சந்தன வில்லை வாங்கச் சென்ற அன்று, குஜிலியம்பாறைப் பக்கத்துத் தாயொருத்தி மகளுடன் வந்திருந்தாள். ஏதோ முகக்களிம்பைப் பூசியதால் அப்பெண்ணின் கன்னம் வெந்து தோலுரிந்திருந்தது.

“பாய், ஸ்நோவைப் பூசி மேல பவுடரை அப்புனா மறைஞ்சிரும்ல? வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாராக.”

“புண்ணு மேலயா? இன்னும் வெந்துரும் தாயி. ஆறுற வரைக்கும் தேங்காண்ணெய் மட்டும் தடவுங்க. அவுகளை அடுத்த மாசம் வரச் சொல்லுங்க.”

“யாவாரம் பண்ண உக்காந்தியளா, வைத்தியம் பாக்கவா?” என்றவள், என் நெற்றித் திருநீற்றைக் கண்டு, “நீங்களாச்சும் சொல்லுங்க சாமி” என்றாள்.

அயலார் வீட்டுக் காரியம் என்று நான் வாளாவிருந்தேன். அவள் மகளை இழுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

ராவுத்தர் என்னை நோக்கி, “நீங்க சொன்னா அந்தம்மா கேட்டிருக்கும் ஐயா” என்றார். அவர் குரலில் சினமில்லை.

இறைவன் புகழை நாள்தோறும் ஓதிய என் நாவில் அன்று வேண்டிய ஒரு சொல் எழவில்லை. அந்தக் கன்னம் ஆறிற்றா என்பதை இன்றளவும் அறியேன்.

இதைப் படிப்போர் அனைவர்க்கும், உரிய பொழுதில் வாய்திறக்கும் துணிவை அவன் அருள்வானாக.