நிறம் மாறாத உறைகள்

அந்தச் சனிக்கிழமை காலை பல் கிளினிக்கில் இருந்தவர்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அலோர் ஸ்டாரிலிருந்து மகன் ஓட்டிய காடியில் வந்தவர். கோத்தா கோலா மூடாவில் மீன் விற்கும் மலாய்க்கார அம்மா ஒருவர். பல்லுக்குக் கம்பி போட்டிருந்த ஃபாக்டரிப் பெண் ஒருத்தி. என் அக்கா. கவுண்டரில் மிஸ்ஸி, நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். உள்ளே டாக்டர். மாப்பும் வாளியுமாக நான்.

நான் அங்கே துப்புரவு வேலை பார்த்தேன். பிறந்தது திகாம் பத்து பக்கத்து ரப்பர் தோட்டம். படிப்பு ஆறாவது வரை. பால் மரம் வெட்டினேன். தோட்டம் கைமாறியது. பிறகு இந்த மாப்பு, நான்கு வருஷம்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. முந்தின வருஷம் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அந்தப் புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. இப்போது கடைவாய்ப் பல் ஆடியது. பிடுங்க வேண்டும். வாயில் ஒரு புண் வரப்போகிறது. அது ஒழுங்காக ஆற வேண்டும். எனக்கு அந்தக் கவலை ஒன்றுதான்.

கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போ என்று முன்பே சொல்லியிருந்தேன்.

“அங்கயா? அங்க ஒரு சின்னப் பொண்ணு டாக்டருன்னு உக்காந்திருக்கு. சர்க்கரை புக்கக் கொண்டா, ரத்தம் பாத்துட்டு வா, அடுத்த வாரம் வாங்குது. புடுங்கத் தெரியாம சாக்குச் சொல்லுதுலா” என்றாள். “ஒங்க டாக்டரு கைராசிக்காரரு. சர்ச்சுல எல்லாருமே சொல்றாங்க. உள்ள நொழஞ்சாலே மருந்து வாசனை கும்முனு வருது. என்னா சுத்தம்!”

அந்த வாசனை என் வாளியிலிருந்து வந்தது. தரை கழுவும் மருந்து ஒரு மூடி போதும். எனக்கு மூன்று மூடி ஊற்றச் சொல்லி உத்தரவு. கதவு திறக்கப் பத்து நிமிஷம் முன்னால், வாசல் பக்கம் மட்டும். பின்னால் கருவி கழுவும் அறைக்கு வேண்டாம். அங்கே யாரும் மூக்கை நீட்டுவதில்லை. அந்தத் தொட்டியின் சல்லடையை நான்தான் தட்டிக் கொட்டுவேன். பஞ்சு, பல் துண்டு, நூல் நூலாக ரத்தம். எச்சிலின் வழவழப்பு கையுறைக்குள்ளும் தெரியும்.

வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று நான்கு வருஷம் பார்த்தேன். மீன் தொட்டி. ஏர்கோன். டாக்டரின் மெதுவான பேச்சு. ஊசி வலித்ததா இல்லையா. எல்லாவற்றுக்கும் மேல், கருவி வைத்த உறையை அவர் நம் கண் முன்னால் கிழித்து எடுப்பது. “புதுசு, நமக்குன்னே பிரிக்கிறாரு” என்பார்கள். ஆளுக்கு ஓர் உறை.

அந்த உறை ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் கண்ணாடித் தாள். ஓரத்தில் ரோஸ் நிறத்தில் சின்னப் பட்டை இருக்கும். கருவியை உள்ளே வைத்து ஒட்டி, ஆவி மெஷினில் அவிப்பார்கள். சூடு சரியாக ஏறினால் பட்டை காப்பி நிறமாக மாறும். மிஸ்ஸிதான் ஒருமுறை சொன்னாள். நான்கு வருஷமாக நான் கூட்டி அள்ளியதெல்லாம் காப்பி நிறம்.

புதன்கிழமை சாயந்திரம் மெஷின் கெட்டது. ரிப்பேர் ஆள் திங்கட்கிழமைதான் வருவான்.

“மூணு நாளுதானே” என்றார் டாக்டர். “சோப்புத் தண்ணியில ஊற வெச்சிக் கழுவுங்க. உறையில போட்டு வெய்ங்க.”

வெள்ளிக்கிழமை மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, ஒரு கை குடுங்கக்கா. என்னால தனியா ஒட்டி முடியல.”

ஒட்டினேன். ஒரு குறட்டின் மூட்டில் ஏதோ கறுப்பாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். வந்துவிட்டது. குறட்டை உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கை கழுவிவிட்டுச் சோறு தின்றேன்.

மறுநாள் காலை அக்கா வந்து உட்கார்ந்தாள். அவள் அன்றைக்கு வருவாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் போய்க் குனிந்து தரையைத் துடைத்தபடி சொன்னேன்.

“இன்னிக்கு வேணாங்க்கா. வீட்டுக்குப் போ.”

“ஏன்? ரெண்டு பஸ் ஏறி வந்திருக்கேன்.”

“மெஷினு கெட்டுப் போச்சு. சாமான அவிக்கல. சும்மா கழுவித்தான் வெச்சிருக்கு.”

“கழுவினா சுத்தந்தானே?”

“இல்லக்கா. ஒனக்குச் சர்க்கரை.”

“மெதுவாப் பேசுடி. மானத்த வாங்காத.”

வாத்தியாருக்குக் காது நன்றாகக் கேட்டது. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். முகத்தைவிட மாப்பைத்தான் அதிகம் பார்த்தார்.

“என்ன பிள்ளை சொல்லுறீர்? உமக்கு இதெல்லாம் தெரியுமோ? நீர் டொக்டரோ?”

“இல்ல சார். நான்தான் ஒட்டினேன்.”

“பிறகென்ன. உம்மட வேலையைப் பாரும்.”

ஃபாக்டரிப் பெண் கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள். “சம்பளம் ஏத்தலன்னு ஆன்ட்டிக்குக் கோவம் போல.” மீன்கார அம்மாவுக்கு நான் மலாயில் சொன்னேன். அவர் கையை ஆட்டினார். இந்த டாக்டருக்குக் கை லேசு, போன தடவை பல் போனதே தெரியவில்லை என்றார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். கோபப்படவில்லை. கையில் ஓர் உறை இருந்தது. எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

“பாருங்க, ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. ஒங்க முன்னாலயே பிரிக்கிறேன்.”

கிழித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பட்டை ரோஸ் நிறத்தில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

“அந்தக் கலரப் பாருங்க” என்றேன். “அவிச்சா காப்பிக் கலரு வரும்.”

மிஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் சுவரைப் பார்த்தார். டாக்டர் என் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்கம்மா, நீங்களே மொதல்ல வாங்க.”

அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்தேன். தட்டிவிட்டாள். “கூட்டுற வேலைக்காரி பேச்சக் கேட்டுப் போயிட்டான்னு நாலு பேரு சிரிக்கவா?” என்றாள். சொன்னது என் கூடப் பிறந்தவள்.

கால் மணி நேரத்தில் வந்தாள். வாயில் பஞ்சு. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். வலியே இல்லை என்று அர்த்தம். மற்றவர்கள் வரிசையாகப் போனார்கள். தரையில் அக்கா துப்பிய ரத்தம் ஒரு சொட்டு விழுந்திருந்தது. துடைத்தேன்.

மூடுகிற நேரத்தில் டாக்டர் என்னை இனி வர வேண்டாம் என்றார். சரி என்றேன். கூடையைக் கொட்டிவிட்டுப் போகச் சொன்னார். கொட்டவில்லை. வியாழனிலிருந்து சேர்ந்தது எல்லாம் ஒரே கறுப்புப் பையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, கையுறை போட்டு, உறைகளை மட்டும் பொறுக்கினேன். சில உறைகளில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. நாற்றம் தாங்காமல் இரண்டு முறை எழுந்துபோய்த் துப்பினேன்.

திங்கட்கிழமை சுகாதார ஆபீஸுக்குப் போனேன். மேசைமேல் கொட்டினேன். அதிகாரி பேனாவால் தள்ளித் தள்ளி எண்ணினார். முப்பத்தொன்று. எல்லாம் ரோஸ்.

“யார் ஒட்டியது?” என்று மலாயில் கேட்டார்.

பாதி நான் என்றேன். எழுதிக்கொண்டார்.

கிளினிக்கைச் சில வாரம் மூடி வைத்தார்கள். அந்த மூன்று நாளில் வந்த முப்பத்தொரு பேரையும் போனில் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். ரத்தத்தில் நோய் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க. உடனே ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை.

அக்கா வரமாட்டேன் என்றாள். “யாராச்சும் பாத்தா என்னா நெனைப்பாங்க?” என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு தடவையும். பஸ்ஸில் என்னோடு பேசவில்லை.

பல் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. சீழ் வந்தது. கிட்டே போனால் வாய் நாறியது. அது சர்க்கரையால் என்றாள். இருக்கலாம். எனக்குத் தெரியாது.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் ரிசல்ட் தாளை வாங்கிய இடத்திலேயே திரும்பி என்னைப் பார்த்தாள்.

“பாத்தியா? ஒண்ணும் இல்ல. நான் அப்பவே சொன்னேன்ல, கைராசிக்காரருன்னு. நல்ல மனுசன் பொழப்புல மண்ணப் போட்டியே.”

கிளினிக் மறுபடியும் திறந்திருந்தது. அடுத்த பல்லுக்கு அங்கேதான் போகப் போகிறாளாம். வாசனை அப்படியே இருக்கிறதாம். வேறு யாரோ மூன்று மூடி ஊற்றுகிறார்கள்.

ரத்தம் எடுக்கும் மிஸ்ஸி ரிஜிஸ்டரை மூடிக்கொண்டிருந்தார். அந்த முப்பத்தொரு பேரில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். விரலை வைத்துப் பார்த்துச் சொன்னார்.

அக்காவையும் சேர்த்து நான்கு.