மீன் தட்டுக்குப் பக்கத்தில் பீடிஎஃப்

ஃபோனில் படத்தை பீடிஎஃப் ஆக்குவது இரண்டு நிமிட வேலை. படத்துக்குள் வந்த கட்டைவிரலை வெளியே எடுக்கத்தான் அரை நாள் போகும். அனுப்பிய பத்திரம் திரும்பி வந்து நொந்துபோனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மீன் படம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆலங்குடாவில் மீன் விற்கிறேன். மகளின் வேலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அவள் காய்ச்சலில் கிடந்ததால், சான்றிதழ்களை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு விண்ணப்பம் எடுக்கும் புத்தளத்துக் கந்தோருக்கு நானே போனேன். கிளாக்கர் மீன் வாடை அடித்த ஃபோனைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி, “இது மீன் படம் மாதிரிக் கிடக்கு. நாலு மணிக்குள்ள பீடிஎஃப் அனுப்புங்க” என்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

காத்திருப்போர் உட்காரும் வாங்கில் என் பக்கத்தில் இருந்த ஃபரீதா டீச்சர், முன்பின் தெரியாத எனக்கு, என் ஃபோனிலேயே ஸ்கேன் செய்யும் அப் ஒன்றைப் போட்டு, ஓரம் வெட்டி, ஆறு படத்தையும் ஒரே ஃபைலாக்கக் காட்டித் தந்தார். மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. மகளுக்கு அந்த வேலை கிடைத்தது. அன்று நான் நன்றி சொன்னபோது டீச்சர் சொன்னார்: “அங்கிள், நாலு பேருக்குச் செஞ்சி குடுங்க, அப்பதான் கை மறக்காது.”

செதில்

அப்படித்தான் மீன் தட்டுக்குப் பக்கத்தில் இந்த வேலையும் தொடங்கியது. ஒருநாள் என்னிடம் மீன் வாங்கும் ஸ்டெல்லா, மகளைப் பாடசாலையில் சேர்க்கப் பத்திரங்கள் கொண்டுவந்தாள். எடுத்த ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில் வட்டமாக ஒரு மங்கல். பத்திரம் பழசு என்றேன், வெயில் என்றேன், பிடித்த உன் கை ஆடியது என்றும் சொன்னேன். அவள் ஃபோனை வாங்கித் திருப்பிப் பார்த்து, கமராவில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டி எடுத்தாள். “என்ட கையில பிழையில்ல அண்ணே, உங்கட மீன்தான் எல்லாப் பக்கத்திலயும் நீந்துது.”

அதே முகம்

போன மாதம் அந்தக் கிளாக்கரே வந்தார். இப்போது பென்சனில் இருக்கிறாராம். மனைவியின் ஒப்பரேஷனுக்கு உதவி கேட்கும் பத்திரங்கள் அன்று பின்னேரத்துக்குள் பீடிஎஃப்பாகப் போகவேண்டும். அவருக்கு என்னை ஞாபகமில்லை. அவர் சொன்ன அதே சொல்லைத் திருப்பிக் கொடுக்க இத்தனை வருடமும் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். ஆனால் பத்திரத்தை நீட்டியவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வாங்கில் இருந்த டீச்சர் ஞாபகத்துக்கு வந்தார்.

கையை இரண்டு தரம் கழுவி, கமராவைத் துடைத்து, ஒன்பது பக்கத்தையும் அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் மீன் படக் கதையை எடுத்தேன். அவர் தட்டில் கிடந்த மீனைப் பார்த்தபடியே சொன்னார்: “குறை நினைக்காதீங்க அண்ணே. மேல உள்ளவங்க பீடிஎஃப் கேட்டாங்க, நான் உங்களிட்டக் கேட்டன். அது என்னண்டு எனக்கு அண்டைக்கும் தெரியாது.”

டீச்சருக்கு என் நன்றி முழுசாக உண்டு. இந்த வேலைக்கு என்னைத் தள்ளிவிட்ட கிளாக்கருக்கும் பாதி உண்டு, மற்றப் பாதியை அந்த மீன் படத்துக்காக இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.