அடுப்பில் ஏறாத கறி

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை எங்கள் வீட்டு அடுப்பில் கறி ஏறாது. இது என் மனைவி ஆண்டவரிடம் செய்துகொண்ட பொருத்தனை. பாளையங்கோட்டையில் எங்கள் சபையைச் சேர்ந்த பலரும் லெந்து என்கிற தவக்காலத்தில் அசைவத்தை விடுவார்கள். சிலர் வெள்ளிக்கிழமை மட்டும் விடுவார்கள். சிலர் முதல் வாரம் விட்டுவிட்டு, விட்டதை இரண்டாம் வாரம் மறந்துவிடுவார்கள். என் மனைவி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த வருடம் தொடங்கி, ஓய்வு பெற்ற பிறகும், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மீன் இல்லை, முட்டை இல்லை, கருவாடு என்ற பேச்சும் இல்லை.

இந்த வருடம் வீட்டில் புதிதாக ஒரு ஆள் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மகள் கொண்டுவந்து விட்டுப்போன பொமரேனியன் நாய். வெள்ளை நிறம், எடை நாலேகால் கிலோ, பார்வைக்கு அதில் பாதி மயிர். மகளுக்குப் பெங்களூரில் கைக்குழந்தை. குழந்தையையும் நாயையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று எடை குறைந்ததை எங்களிடம் கொடுத்தாள். ஈஸ்டருக்குக் குழந்தையோடு வந்து இரண்டு வாரம் தங்குவதாக ஏற்பாடு.

அதுவரை வேகவைத்த கோழியும் சோறும் தின்ற நாய்க்குச் சாம்பல் புதனன்று தயிர்ச் சோறு வைத்தோம். முதல் நாள் முகர்ந்து பார்த்தது. இரண்டாம் நாள் கிண்ணத்தைக் கவிழ்த்தது. மூன்றாம் நாள் கவிழ்ந்த கிண்ணத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. கடையில் பையில் விற்கும் நாய்த்தீனியை வாங்கி வைத்தேன். அதை ஒவ்வொரு உருண்டையாகக் கவ்விக்கொண்டு போய் சோபாவுக்கு அடியில் விட்டது, ஒன்றைக்கூடத் தின்னவில்லை. சனிக்கிழமை மாலை அதன் முதுகெலும்பை மயிருக்கு அடியில் விரலால் எண்ண முடிந்தது. என் மனைவி எண்ணினாள். எண்ணிவிட்டு அவள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் தம்பி வந்தான். வண்ணார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் வீடியோ பார்ப்பான். வாடிக்கையாளர் குறைவு.

"அக்கா, நாய்க்கு எதுக்கு அடுப்பு? வெளிநாட்டுல இப்ப எல்லாவனும் கறியப் பச்சையாத்தான் போடுதான். ஓநாய் என்ன குக்கர்ல வச்சா திங்குது?" என்றான்.

வீடியோவைக் காட்டினான். ஒரு நாய் ஏதோ ஒரு மிருகத்தின் தொடையை எலும்போடு தின்றுவிட்டுப் பனிமலையில் ஏறி ஓடியது. பக்கத்தில் சட்டை போடாத ஒருவர் நின்று பேசினார். நான் முப்பது வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் பிரதி திருத்தியவன். பேசுகிறவர் மருத்துவரா என்று கேட்டேன்.

"எத்தன பேரு பாத்துருக்கான்னு பாருங்க அத்தான்."

அந்த நாய் உன் அக்காவின் எடை இருக்கும் என்றேன். அது பனியில் ஓடுகிறது, நம் நாய் பாளையங்கோட்டை மார்ச் மாதத்தில் மின்விசிறிக்கு அடியில் கிடக்கிறது என்றும் சொன்னேன்.

"அத்தான் எப்பவும் இப்படித்தான். செய்திய விட்டுருவாவ, அச்சுப்பிழையப் பிடிச்சுக்கிடுவாவ."

என் மனைவி வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையாப் போட்டா அடுப்புல ஏத்த வேண்டாம்லா?" என்றாள்.

"அதத்தானக்கா நானும் சொல்லுதேன்."

"பொருத்தனைக்கும் ஒண்ணும் ஆகாது."

"அடுப்பே பத்த வைக்கல, எப்படி ஆகும்?"

இந்த இறையியல் விவாதம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. நான் இன்னும் அழுத்திப் பேசியிருக்கலாம். ஆனால் நாய் எதையாவது தின்றால் போதும் என்ற நிலையில் நானும் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை கோழிக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எங்களை இருபது வருடமாகத் தெரியும்.

"என்ன அண்ணாச்சி, லெந்துல நீங்க இங்கன எட்டிப் பாக்க மாட்டியளே?" என்றார்.

"நாய்க்கு."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது. "ஈரலா, கழுத்தா? நாய் எத விரும்பிச் சாப்பிடுவாவ?" என்று கேட்டார். அப்போது பக்கத்தில் எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நாய்க்கு," என்றேன்.

"எனக்கும் நாய்க்குத்தான். தொடைக்கறி ஒரு கிலோ. பிரியாணிக்கு வெட்டுத மாதிரி வெட்டுங்க," என்றார்.

அவர் வீட்டில் நாய் கிடையாது.

வீட்டில் என் மனைவி விதிமுறைகளை வகுத்திருந்தாள். கறி சமையலறை வழியாக வரக் கூடாது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வர வேண்டும். துவைக்கிற கல்லின் மேல் தனித் தட்டு, தனிக் கத்தி. கிருமியை நினைத்து அவள் இதைச் செய்யவில்லை, பொருத்தனையை நினைத்துச் செய்தாள். அந்த வாரம் முழுவதும் நாங்கள் செய்த சுகாதாரமான காரியம் இது ஒன்றுதான்.

நாய் ஈரலை மெல்லவே இல்லை. தட்டில் இருந்தது, பிறகு இல்லை. கழுத்தைப் பற்றிக்கொண்டு தோட்டத்தை மூன்று முறை சுற்றி ஓடியது. மைத்துனன் தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து நாயின் மயிரைத் தடவிப் பார்த்தான். "மினுமினுப்பு வந்துட்டுல்லா அத்தான்?" என்பான். ஒரு வாரத்திற்கு முன்னும் அது அப்படித்தான் மினுமினுத்தது. என் மனைவியின் முகம் தெளிந்திருந்ததால் நான் எதுவும் சொல்லவில்லை.

நாய் எல்லாவற்றையும் தின்னவில்லை என்பது புதன்கிழமை தெரிந்தது. என் இடது செருப்புக்குள் ஈரல் துண்டு ஒன்று இருந்தது. வியாழக்கிழமை பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் கூடையில் ஒன்று. நாய் வருங்காலத்துக்குச் சேமித்துவைத்தது. நாங்கள் கண்டுபிடித்தவை இரண்டு. கண்டுபிடிக்காதவற்றை அது நேரம் வாய்த்தபோது தோண்டித் தின்றிருக்கிறது. அந்த வெயிலில் அவை எந்த நிலையில் இருந்திருக்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். நாய் தொந்தரவு செய்யக் கூடாது என்று என் மனைவி அதற்கு ஒரு கோழிக்கழுத்தைக் கொடுத்துப் பின்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை.

குருவானவர் கடைசி ஜெபத்தைத் தொடங்கினார். நோயாளிகளுக்காக, மழைக்காக, பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், என்னைத் தவிர. கூட்டங்களில் கண்ணை மூடாமலிருந்தே எனக்குப் பழகிவிட்டது. நாய் கோழிக்கழுத்தைக் கவ்விக்கொண்டு உள்ளே வந்தது. வரிசையாகப் பாதங்களை முகர்ந்துகொண்டே வந்தது. செருப்புகள் வாசலில் கிடந்ததால் எல்லாமே வெறுங்கால்கள். ஒன்பதாவது ஜோடி குருவானவருடையது. அது அவருடைய வலது பாதத்தின் மேல் கோழிக்கழுத்தை வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தது.

"ஆண்டவரே!" என்றார் குருவானவர், அதுவரை இல்லாத குரலில்.

"ஆமென்!" என்றது கூட்டம்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. வேதியியல், கணிதம், சமூக அறிவியல் என்று மீதியிருந்த பாடங்களுக்கும் ஜெபித்து முடித்தார். வலது காலின் பெருவிரல் மட்டும் மேலே தூக்கியபடி நின்றது. முடிந்ததும் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஐயா, அது பச்சைதான். அடுப்புல ஏத்தல," என்றாள் என் மனைவி அவசரமாக.

"அப்படியாம்மா," என்றார் குருவானவர். "கால் கழுவ எங்கன தண்ணி இருக்கு?"

"சீஷர் காலக் கழுவுதது பெரிய வியாழனுக்குல்லா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. கோழிக்கடையில் நான் பார்த்த மூப்பர்தான்.

மறுநாள் விடிந்தபோது சிரிக்கும் நிலைமை இல்லை. நாய் நான்கு இடங்களில் வாந்தி எடுத்திருந்தது. வயிற்றுப்போக்கு தண்ணீராக, ரத்தக் கோடுகளுடன் போனது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வால் அசையவில்லை. என் மனைவி அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மைத்துனன் காரோடு வந்தான். நேரே கால்நடை மருத்துவமனைக்குப் போனோம்.

மருத்துவர் இளம்பெண். எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டுக்கிடா இருந்தது. அதைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நாயை மேசையில் ஏற்றினார். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி விட்டார். தோல் உடனே இறங்கவில்லை. கூடாரம் போல நின்று, பைய இறங்கியது.

"உடம்புல தண்ணி இல்ல. என்ன போட்டீங்க?"

சொன்னோம்.

"ஓநாய் பச்சையாத்தான டாக்டர் திங்குது?" என்றான் மைத்துனன்.

"ஓநாயக் கூட்டிட்டு வாங்க, அப்ப அதப் பத்திப் பேசலாம். இது நாலு கிலோ. பெரிய நாய் ரெண்டு நாள் வயித்தால போனாலும் தாங்கும். இது தாங்காது."

"ஃப்ரீசர்ல வச்சுக் குடுத்தா?"

"கிருமி முக்காவாசி சாகாது, தூங்கும். வெளிய எடுத்தா முழிச்சுக்கிடும்."

பச்சைக்கறி தின்னும் எல்லா நாய்க்கும் இப்படி ஆகுமா என்று நான் கேட்டேன்.

"ஆகாது சார். நெறைய நாய்க்கு ஒண்ணும் ஆகாது. எதுக்கு ஆகும்னு முன்கூட்டித் தெரியாது, அதான் சிக்கல். ஒண்ணும் ஆகாத நாய்கூடக் கிருமிய எச்சில்லயும் கழிவுலயும் விட்டுக்கிட்டே இருக்கும். வீட்ல சின்னப் பிள்ளைங்க உண்டா?"

ஈஸ்டருக்குப் பேரக்குழந்தை வருவதை நான் சொன்னேன். தவழும் வயது, கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயது.

"வேகவச்ச கறிய விட பச்சைக்கறியில கூடுதல் சத்து உண்டா?" என்று கேட்டான் மைத்துனன்.

"உண்டுன்னு சொல்லுதவங்க நெறைய. நிரூபிச்சுக் காட்டுனத நான் பாத்ததில்ல."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஒரு வாரம் தாமதமாகக் கேட்டுவிட்டோம்.

தோலுக்கு அடியில் மருந்துநீர் ஏற்றினார்கள். நாயின் முதுகில் ஒட்டகத்தின் திமில் போல ஒன்று எழுந்தது. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் என்றார் மருத்துவர். பிறகு சாப்பாட்டைச் சொன்னார்: "இன்னைக்குக் கஞ்சித்தண்ணி மட்டும். நாளைக்குக் கோழி நெஞ்சுக்கறிய நல்லா வேகவச்சு, கொஞ்சம் சோத்துல பிசைஞ்சு குடுங்க. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். எலும்பு வேண்டாம், வெந்த எலும்பு உடைஞ்சு குத்தும். நாளைக்குச் சாயங்காலம் வர ஒண்ணும் திங்கலேன்னா இங்க கொண்டு வந்துருங்க. இந்த எடைக்கு அதுக்கு மேல காத்திருக்க முடியாது."

"வேகவைக்காம வேற வழி இருக்கா டாக்டர்? எனக்குப் பொருத்தனை இருக்கு," என்றாள் என் மனைவி.

"யாருக்குப் பொருத்தனை?"

"எனக்கு."

"நாய்க்கு இல்லையே?"

காரில் ஏறும்போது மைத்துனன் மெதுவாகச் சொன்னான்: "நான் என் வீட்டுல அவிச்சுக் கொண்டாரேங்க்கா."

"நீ இனி இந்த நாய்க்குத் தண்ணிகூடக் காட்டாத லே."

ஞாயிற்றுக்கிழமை வாந்தி நின்றிருந்தது. ஆனால் நாய் தலையைத் தூக்கவில்லை. சோற்றை உதட்டில் தடவினால் நக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மருத்துவர் சொன்ன மாலைக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. சபை நாட்காட்டிப்படி லெந்தின் நாற்பது நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது என்று நான் எடுத்துச் சொன்னேன். இது உண்மை, யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

"போன வாரம் ஒரு சாக்கு கண்டுபிடிச்சோம்," என்றாள். "அது முதுகுல தண்ணி ஏத்திக்கிட்டுக் கெடக்கு. இன்னொண்ணு வேண்டாம். நான் பொருத்தனைய மீறுதேன்னு சொல்லியே மீறுதேன். நீங்க போய் நெஞ்சுக்கறி வாங்கிட்டு வாங்க."

இந்த முறை கறி முன்வாசல் வழியாக வந்தது.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கறி வெந்தது. பன்னிரண்டு நாட்களாகக் காய்கறி மட்டும் தின்ற வீட்டில் மசாலா இல்லாத கோழியின் வாசம்கூட எங்கேயோ கொண்டுபோனது. நான் சமையலறை வாசலில் நின்றேன், காரணம் இல்லாமல். என் மனைவி நெஞ்சுக்கறியை விரலால் அழுத்திப் பார்த்தாள், கரண்டியால் சாற்றைக் கலக்கினாள், ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"உப்பு இல்ல," என்றாள்.

அப்புறம்தான் கரண்டி அப்படியே நின்றது. அடுப்போடு முடிந்திருக்க வேண்டிய மீறல் நாக்கு வரை போய்விட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பாத்தியளா?"

"பார்த்தேன்."

"நெனச்சுச் செய்யல."

"தெரியும். கை செய்தது."

அவள் கறியைப் பிய்த்து, சோற்றில் பிசைந்து, ஆறவைத்து, நாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். நாய் பார்த்தது. மூக்கு இரண்டு முறை அசைந்தது. பிறகு நக்கியது. இரண்டாவது உருண்டைக்குத் தலையைத் தூக்கியது. ஐந்தாவது உருண்டைக்கு முன்கால்களை ஊன்றி எழுந்து நின்றது. சரிந்திருந்த திமில் ஒரு பக்கமாக ஆடியது.

"உப்பு இல்லாம எப்படித்தான் திங்குதோ," என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.