அம்மாவின் டிரம்மும் என் கங்கோங் தோட்டமும்

போன மாதம் ஈப்போவில் என் மகன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டி வாங்கி வைத்தான். தொட்டியில் மீன், மீனுக்கு மேலே ஒரு தட்டில் கீரை. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அது கீரையின் வேரை நனைத்துவிட்டு மறுபடியும் மீனிடமே வந்து விழுகிறது. "இதுக்குப் பேரு அக்குவாபோனிக்ஸ் பா. புதுசா வந்திருக்கு" என்றான்.

புதுசாம்! நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே இதைக் கண்டுபிடித்து முடித்துவிட்டேன். பெயர் வைக்கத்தான் மறந்துபோனேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அப்பால் ஒரு பழைய ஈயக்குட்டை இருந்தது. ஈயம் தோண்டிவிட்டுப் போனவர்கள் விட்டுவைத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, ஜப்பான் மீன் பெருகிக் கிடந்தது. திலாப்பியாவை அப்போது நாங்கள் அப்படித்தான் சொல்வோம். குட்டைக் கரையில் ஒரு சீனர் அந்தத் தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றிக் கங்கோங் கீரை போட்டிருந்தார். ஒவ்வொரு தண்டும் என் விரல் பருமன். எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா போட்டிருந்த கங்கோங்கோ காய்ச்சலில் விழுந்து எழுந்தது மாதிரி நிற்கும்.

மீன் கழித்துப் போட்டதுதான் உரம் என்பது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அப்படியானால் மனிதன் எதற்கு நடுவில் தண்ணீர் சுமந்து சாக வேண்டும்? மீனுக்கு நேர் மேலேயே கீரையை நட்டால் வேலை முடிந்தது. அந்தச் சீனருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியதில் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

தொட்டிக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த ஒரே பெரிய பாத்திரம் அம்மாவின் மழைத்தண்ணீர் டிரம். கூரைத் தண்ணீர் அதில்தான் விழும். லயத்துப் பைப்பில் தண்ணீர் காலையிலும் மாலையிலும் மட்டும் வரும். மற்ற நேரத்துக்கெல்லாம் டிரம்தான் கதி. அம்மாவும் அப்பாவும் ரப்பர் மரத்தை வெட்டிப் பால் எடுக்கப் போயிருந்த ஒரு பள்ளி விடுமுறை நாளில் நான் இருந்த தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அதைக் கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தி, மறுபடியும் நிரப்பினேன்.

எனக்குத் தெரிந்த பொறியியல் எல்லாம் ரப்பர் மரம்தான். மரத்தில் கீறினால் பால் வழியும். கீழே அடித்திருக்கும் தகரப் பீலி வழியாக மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டும். ஆகவே தோட்டத்தில் உடைந்து ஒதுக்கிப்போட்ட மங்குகளைப் பொறுக்கி, அடியில் ஓட்டை போட்டு, ஈயக்குட்டைக் கூழாங்கல்லை நிரப்பி, கங்கோங் தண்டுகளைக் குத்தினேன். அவற்றை ஒரு பலகையில் படிப்படியாகச் சரித்துக் கட்டினேன். கடைசி மங்கிலிருந்து தண்ணீர் டிரம்முக்குள் விழ ஒரு பீலி வேண்டுமே? மரத்தில் அடிப்பது போலவே, டிரம்மின் வயிற்றில் ஆணியால் குத்தி ஒரு பீலியை அடித்து இறக்கினேன். மரம் என்றால் பால் வரும். டிரம் ஆகையால் தண்ணீர் பீச்சியடித்தது.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஓட்டையை அடைக்கவா தெரியாது? அறுந்த சிலிப்பர், பஞ்சரான சைக்கிள் டியூப் எதுவானாலும் எங்களுக்கு ஒரே மருந்து, ரப்பர் பால். கொல்லையை ஒட்டிய மரத்து மங்குகளில் அன்று சொட்டிய பாலை வழித்து, ஓட்டைக்கு உள்ளும் புறமும் தாராளமாகப் பூசினேன். மேல்தோல் காய்ந்ததும் குறைந்துபோன தண்ணீரை நிரப்பி, குட்டையில் பிடித்துவந்த மீன்களை விட்டேன்.

காலையில் போய்ப் பார்த்தால், உள்ளே காயாத பால் கரைந்து டிரம் முழுக்க வெள்ளைவெளேர். மீன்கள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நாற்றம் லயத்தின் கடைசி வரைக்கும் போனது.

கடைசியில்தான் கோடி வீட்டுப் பெரியம்மா இருந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் பைப்படியில் பழைய போட்டி. வாளி வைக்கும் இடத்தில் தொடங்கி பிள்ளைகளின் மார்க்கு வரைக்கும் போகும். அன்று சாயங்காலம் பைப்படியில் எல்லாரும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"என்ன தங்கச்சி, உன் மவன் டிரம்முல பால் காய்ச்சுறானாமே? டீ எப்ப போடுவீங்க?"

பைப்படியே சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல ஜோக் என்று நினைத்தேன். அம்மா மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்ததும் என் முதுகில் நாலு வைத்தார்.

"எனக்கு என் டிரம்மு வேணும். தீபாவளிக்கு வூடு கழுவணும். இப்ப அவசரத்துக்கு ஒரு வாளி தண்ணின்னா அந்தக் கோடி வீட்டுலதான் போய் நிக்கணும். உனக்குத் தெரியுமா அது?"

எங்களோடு தங்கியிருந்த மாமாதான் குறுக்கே வந்தார். அம்மாவின் தம்பி, லோரியில் கிளீனர்.

"விடு லா, அக்கா. தீபாவளிக்குள்ள இதுலேர்ந்து ஒரு நேரச் சோத்துக்குக் கறி வரலன்னா, நானே இவனை டிரம்முல போட்டு மூடி ஈயக்குட்டையில உருட்டி விட்டுர்றேன்."

அம்மா வாளியை மூலையில் வைத்தார். "கறி வரணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாமா ரோடு போடுகிற இடத்திலிருந்து ஒரு கட்டித் தார் கொண்டுவந்தார். அதை உருக்கி ஓட்டையை அடைத்தோம். டிரம்மை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். குட்டைக்குப் போய் மறுபடியும் மீன் பிடித்தேன். இம்முறை மீன்கள் பிழைத்தன.

மோட்டார் எங்கே என்று கேட்பீர்கள். நான்தான் மோட்டார். காலையில் பள்ளிக்குப் போகும் முன்னும், மாலையில் பந்து விளையாடும் நேரத்திலும் டிரம்மின் அடித்தண்ணீரை மொண்டு மேல் மங்கில் ஊற்ற வேண்டும். அது மங்கு மங்காக இறங்கி மீனிடம் வந்து விழும். மனிதன் ஏன் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று ஆரம்பித்த விஞ்ஞானியான நான், லயத்திலேயே அதிகம் தண்ணீர் சுமந்தவனாக ஆனேன். கூட்டாளிகள் பந்தோடு போகும்போது, "டேய் மோட்டாரு, எண்ண ஊத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

முதலில் இலைகள் மஞ்சளாயின. பிறகு ஒரு வாரத்தில் நிறம் திரும்பியது. அதற்கப்புறம் கங்கோங் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், மகனும் நம்பவில்லை. கொடி மங்கைவிட்டு இறங்கி, டிரம்மைச் சுற்றி, கோழிக்கூண்டைத் தொட்டது. தண்டுகள் சீனர் தோட்டத்துத் தண்டுகளைவிடப் பருமன். அப்பா அதிகம் பேசாதவர். அவரே வெற்றிலையை மென்றுகொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மீனுக்கு ஒரு பிடி சோறு போட்டார். எனக்கு அது மாலை போட்டது மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அறுவடை. இரண்டு கை கொள்ளாத கட்டு. அம்மா பெலாச்சான் என்கிற இறால் கட்டியை இடித்துப்போட்டு வதக்கினார். கங்கோங்கின் துரோகம் சட்டியில்தான் தெரியும்: மலை மாதிரி போனது, ஒரு கிண்ணமாகச் சுருங்கி வந்தது. பரவாயில்லை, வீட்டில் ஆளுக்கு ஒரு பிடி வரும். தட்டை வைத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

அம்மா முகம் கழுவி, தலையை வாரி, தோய்த்து மடித்துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். கிண்ணத்தை முழுசாக எடுத்து, வாழையிலைத் துண்டால் மூடிக்கொண்டு, "வாடா" என்றார்.

லயத்தின் நீளம் முழுக்க நடந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போனவர்தான். அன்று அப்படி ஒரு நிதானம். வழியில் இரண்டு பேர், "என்னாக்கா அது, வாசம் தூக்குது?" என்று கேட்டார்கள். "மவன் போட்ட கீர" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். நேராகக் கோடி வீட்டு வாசல்.

பெரியம்மா இலையைத் தூக்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "அந்த டிரம்முலயா?" என்றார்.

"ஆமாக்கா. ஒண்ணுமில்ல, எங்க வூட்டுல தின்னு மாளல. மிஞ்சிப் போச்சு. அதான் உங்களுக்கு."

நான் குறுக்கே பாய்ந்தேன். "இல்ல பெரியம்மா! மிஞ்சல! இம்புட்டுதான்! எங்களுக்கே இல்..." என்பதற்குள் அம்மாவின் இரண்டு விரல்கள் என் தொடையைப் பிடித்துத் திருகின. பெரியம்மா சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு நாங்கள் டின் சார்டின் மீன் சாப்பிட்டோம். எனக்குத் தேம்பல் நிற்கவில்லை. அம்மா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். தீபாவளிக்கு முதல் நாள் பைப்படியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்துவந்து வீட்டைக் கழுவினார். டிரம்மைத் திருப்பிக் கேட்கவேயில்லை.

என் கறியை என்னைக் கண்டாலே சிரிக்கிற வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார், பொய் சொன்னார், உண்மையைச் சொன்ன என்னைக் கிள்ளினார். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் தொடையைத் தடவிக்கொண்டே நினைத்தேன்.