கவசமும் சாக்கடை எலியும்

என் சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். மூன்றாவதாகப் பிறந்தவனைப் பற்றித்தான் சொல்கிறேன். எனக்குத் தம்பி முறை, பதினொரு வயது இளையவன். பெயர் என்று ஒன்று வைத்தார்கள், ஆனால் 'நோட்டீஸ்' என்பதுதான் நிலைத்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து கண்ணில் பட்ட அறிவிப்பையெல்லாம் வாய்விட்டுப் படித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரி வரை படித்தால்தான் மாத்திரை உள்ளே போகும். "அதுக்குள்ள தலைவலியே சலிச்சுப் போயிடும்" என்பாள் என் சித்தி.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான். முப்பது வருஷமாக அதே வேலை. எட்டுப் பேர் என்று தகட்டில் எழுதியிருந்தால் ஒன்பதாவது ஆள் யாராக இருந்தாலும் இறக்கிவிடுவான். கல்யாணமான மூன்றாம் மாதம் அப்படி ஏறியவர் அவனுடைய மாமனார். அவர் ஐந்து மாடி நடந்து ஏறியதை அந்த வீட்டார் இன்றைக்கும் விசேஷத்துக்கு விசேஷம் எடுத்துப் பேசுகிறார்கள்.

அவன் மனைவி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் போர்வை மடிக்கும் வேலை. கை அவ்வளவு வேகம். நான் அவர்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருக்கிறேன், அதனால் இருவர் சேதியும் எனக்குத் தெரியும்.

சீட்டு விளையாட்டு அவர்களுக்குள் வந்தது லிஃப்டால்தான். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சீட்டுக்கடை ஒன்று இருந்தது. ராஜா ராணி சீட்டு இல்லை. மந்திரவாதி, டிராகன், இறக்கை முளைத்த மிருகம் என்று படம் போட்ட கார்டுகள், ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுத்து. உதிரிப்பாகம் வரும்வரை உட்காரப் போனவன், அங்கே கிடந்த விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள் ஒரு ஆட்டம் உட்கார்ந்தாள். அவன் படித்துக்கொண்டே இருந்தான், அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் கடைக்காரர் அவனையே நடுவராக்கிவிட்டார். சண்டை வந்தால் கார்டில் இருப்பதை வாய்விட்டுப் படிப்பான். பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கடையிலிருந்து ஒரே ஒருவர் வெளியூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். அவள் மூன்று வருஷம் தொடர்ந்து இரண்டாவதாகவே வந்தாள். நாலாவது வருஷம் எப்படியும் போய்விடுவது என்று சலவைக்கூடத்தில் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

கடைசி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் பல் டாக்டர். நடுவர் அவள் புருஷனாயிற்றே, ஆட்சேபம் உண்டா என்று கடைக்காரர் கேட்டார்.

"மாமனாரையே இறக்கிவிட்ட மனுஷன். எனக்கென்ன பயம்?" என்றார் டாக்டர்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். மேஜையில் அவள் பக்கம் இரண்டு உயிர்கள். ஒன்று சிறகுச் சிங்கம், மற்றது சாக்கடை எலி. சிங்கத்தின் கார்டில் 'கவசம்' என்று இருந்தது. எதிராளி இந்த உயிரைக் குறிவைக்க முடியாது என்பது அதன் பொருள். டாக்டர் கையில் நெருப்பு, மின்னல், கட்டுக்கயிறு எல்லாம் இருந்தன. அதெல்லாம் ஒரு உயிரைக் காட்டி ஏவ வேண்டியவை. சிங்கத்தைக் காட்ட முடியாதே! அது பாட்டுக்குப் போய் அடித்துவிட்டு வந்தது.

டாக்டரின் பூதம் ஒன்று அடிக்க வந்தபோது அவள் எலியைக் குறுக்கே விட்டாள். எலி செத்துக் குழிக்குப் போனது; செத்த கார்டுகளை ஒதுக்கி வைக்கும் இடத்துக்கு அந்தப் பெயர்.

"எலிதானே, போகட்டும்" என்றாள்.

அடுத்த முறை டாக்டர் 'கப்பம்' என்று ஒரு கார்டைப் போட்டார். போட்ட கையோடு சிங்கத்தைப் பார்த்து விரலை நீட்டி, "இத அனுப்பிடுங்க" என்றார்.

"விரல மடக்குங்க டாக்டர். கவசம் இருக்கு. நீங்க குறிவெச்சாச்சு, உங்க கார்டு வீணாப் போச்சு."

"விரல் என் பழக்கம்மா. நாள் பூரா வாய்க்குள்ள நீட்டறவன். கார்டுல என்ன இருக்கோ அதான் கணக்கு."

"பிடுங்கறதுன்னே வந்துட்டீங்க!" என்று சொல்லிவிட்டு அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கார்டுகளையும் படித்தான்.

"கப்பம். எதிராளி தன் உயிர்களில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்துக் குழியில் போட வேண்டும்." பிறகு சொன்னான்: "இதுல டாக்டர் எதையும் குறிவைக்கல. நீதான் எடுத்துப் போடணும். கவசம் அடுத்தவங்க கையத் தடுக்கும். உன் கையத் தடுக்காது."

"எங்கிட்ட இருக்கறதே ஒண்ணு. இதுல நான் எதத் தேர்ந்தெடுக்கறது?"

"ஒண்ணுலேருந்து ஒண்ணு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"விரல நீட்டினாரே, அது?"

"விரல்ல எழுத்து இல்ல. லிஃப்டுல கயிறு அறுந்தா பிரேக் பிடிச்சுக்கும். திறந்து கிடக்கற குழில நாமளே கால வெச்சா அது என்ன செய்யும்?"

"இது லிஃப்டும் இல்ல, நான் உங்க மெக்கானிக்கும் இல்ல."

"வேற ஆளக் கேக்கணும்னாலும் கேக்கலாம். விதியில இடம் இருக்கு."

அவள் கேட்கவில்லை. சிங்கத்தை எடுத்துக் குழியில் வைத்தாள். இன்னும் இரண்டு முறை சுற்றி வந்ததும் ஆட்டம் முடிந்தது. டாக்டர்தான் போனார். திங்கட்கிழமை அவள் லீவுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. எனக்குத்தான் வேலை.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, சாப்பாடு மேஜைமேல இருக்குன்னு" என்பாள். அவன் பக்கத்திலேயே நிற்பான். நான் சொல்லுவேன். அவன் போய்ச் சாப்பிடுவான்.

பத்தாம் நாள் மொட்டைமாடியில் இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்துப் போர்வை மடித்தார்கள். நான் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

"எலி இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"எலியக் கொடுத்திருக்கலாம். சிங்கம் தப்பிச்சிருக்கும்."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நடுவர் யோசனை சொல்லக் கூடாது. பதினாலாம் பக்கம்."

அவள் தன் முனையைக் கீழே போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். ஆனாலும் பேச்சு வந்துவிட்டது.

அடுத்த வருஷம் தன் சீட்டுக்கட்டில் நாலு எலி சேர்த்தாள். "என்னம்மா, சாக்கடையே திறந்துட்டீங்க?" என்றார் டாக்டர். கடைக்காரர் இந்தத் தடவை வேறு நடுவர் போடட்டுமா என்று அவளிடம் தனியாகக் கேட்டார்.

"அவரே இருக்கட்டும். நான் ஜெயிச்சா எவனும் முணுமுணுக்கக் கூடாது பாருங்க."

டாக்டர் கப்பம் கேட்டபோதெல்லாம் எலியைக் கொடுத்தாள். யாரும் நடுவரைக் கூப்பிடவே இல்லை. அவன் ஓரமாக உட்கார்ந்து பழைய புத்தகத்தையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். அவள் ஜெயித்து, லீவு எழுதி, வெளியூர் போனாள்.

நாலு நாளைக்குப் போனவள் மூன்றாம் நாளே பையோடு வந்து நின்றாள். அவன் அப்போதுதான் வேலைவிட்டு வந்திருந்தான். நான் மேலே போய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

முதல் நாள் மூன்று ஆட்டம் ஜெயித்தாளாம். மறுநாள் எதிரே ஒரு அம்மாள். எலி நாலும் தீர்ந்து சிங்கம் மட்டும் நின்றது. அந்த அம்மாள் கப்பம் போட்டாள். போட்டுவிட்டு, இது கவசத்தைத் தாண்டுமா என்று தனக்கே சந்தேகம் வந்து நடுவரைக் கூப்பிட்டாள். அந்த நடுவர் புதுசு. அவசரமாகப் பார்த்துவிட்டு, கவசம் இருக்கிறது, சிங்கம் நிற்கும் என்று சொல்லிவிட்டார்.

"நல்லதாப் போச்சே!" என்றேன்.

"இல்லைங்க, நிக்காது, நான்தான எடுத்துப் போடணும்னு சொன்னேன். அவரு புத்தகத்தப் புரட்டிப் பாத்துட்டு ஆமான்னாரு. சிங்கத்தக் குழியில போட்டேன். தோத்தேன்."

"ஏன்டி, அங்க உன்ன யாரு கேட்டா? வாய மூடிட்டு இருந்தா இன்னிக்கும் ஆடிட்டு இருப்பல்ல?"

"இருந்திருப்பேன். சிங்கத்தப் பாத்தா உங்க தம்பி மூஞ்சி வந்து நிக்குது அண்ணி. ஒண்ணுலேருந்து ஒண்ணுன்னு."

அவன் அதுவரை செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம்னு சொன்ன?" என்று கேட்டான்.

"ஆறாம் பக்கம்னு."

"ஏழு. புதுப் பதிப்புல ஏழாம் பக்கத்துக்குப் போயிடுச்சு."

அவள் காலி டம்ளரை என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, இன்னிக்கு சாப்பாடு அவரே போட்டுக்கட்டும்னு."

சொன்னேன். அவன் இரண்டு தட்டு எடுத்து வைத்தான்.